பழைய தையல் இயந்திரத்தை இனங்காண்பதும் அதற்குரிய உறுப்புகளைத் தேடுவதும்

தோட்டப்புற இல்லங்களில் நகைக்கு அடுத்தபடியாகக் கருத்தோடு காக்கப்பட்டு வந்த உடைமை எது என்று வினவினால், தையல் இயந்திரம் என்று தயங்காமல் விடை கூறலாம். பால்மரம் வெட்டி ஈட்டிய கூலியில் மாதந்தோறும் தவணை கட்டி வாங்கப்பட்டவை அவற்றுள் பல. பிள்ளைகளின் பள்ளிச் சீருடையும் தீபாவளிச் சட்டையும் அதில் தைக்கப்பட்டன; அண்டை வீட்டாரின் இரவிக்கைகளைத் தைத்துக் கொடுத்ததால் வீட்டுச் செலவுக்குச் சிறு வருவாயும் கிட்டியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக மாற்றப்பட்டும் போன பின்னர், நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பலவும் அதனை உடன் எடுத்துச் சென்றன. இன்றும் அதனைக் கொண்டே சிறு தையற்கடை நடத்தும் தாய்மார்கள் இருக்கின்றனர்.

அத்தகைய இயந்திரம் ஒரு நாள் நின்றுவிடுகிறது. அதன் பாபின் காணாமற் போயிருக்கலாம், ஊசி முறிந்திருக்கலாம். வீட்டு அம்மையார் பட்டணத்துக் கடைக்குச் சென்று, "பழைய சிங்கருக்கு ஒரு பாபின் கொடுங்கள்" என்று கேட்கிறார். கடைக்காரர் வட்டமான பாபின் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். வீட்டிற்கு வந்து பார்த்தால் அது பொருந்தவில்லை. இரண்டாவது கடையில், "இதற்கெல்லாம் இப்போது சாமான் வருவதில்லை, புதிது வாங்குங்கள்" என்ற மறுமொழி கிடைக்கிறது. சில மாதங்கள் மூலையில் கிடந்த பின், 10 அல்லது 12 கிலோ இரும்பு என்ற கணக்கில் அது பழைய இரும்புக்காரரின் வண்டியில் ஏறிவிடுகிறது.

இவ்வாறு இரும்பு விலைக்குப் போன இயந்திரங்கள் பலவற்றிற்கு வேண்டிய உறுப்புகள் இன்றும் புதிதாகச் செய்யப்பட்டு விற்கப்படுகின்றன. "பழைய சிங்கர்" என்று மட்டும் சொன்னதால்தான் கடைக்காரருக்கு எதை எடுத்துக் கொடுப்பது என்று விளங்கவில்லை. பழைய சிங்கர் என்பது ஒரே இயந்திரத்தின் பெயரன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் வெளிவந்த, ஒன்றோடொன்று பொருந்தாத பல வகைகளின் பொதுப்பெயர் அது. போதாக்குறைக்கு, சிங்கர் அல்லாத இயந்திரத்தையும் "சிங்கர் மிஷின்" என்றே அழைப்பது நம்மவர் வழக்கமாகிவிட்டது. ஆகவே, தம் இல்லத்திலுள்ள இயந்திரம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை ஒவ்வொருவரும் தாமே கண்டறிவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெயரும் எண்ணும் கூறுவன

ஐசக் மெரிட் சிங்கர் என்பவர் தம் தையல் இயந்திரத்திற்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஆண்டு 1851. அவருடைய கூட்டாளியான எட்வர்ட் கிளார்க் 1850களின் நடுவில் தவணை முறை விற்பனையைப் புகுத்தினார். ஏழை எளியவர் வீட்டுக்குள்ளும் இவ்வியந்திரம் நுழைந்ததற்கு இம்முறையே பெருங்காரணம். அமெரிக்காவில் எலிசபெத்போர்ட் என்னும் இடத்தில் பெரிய தொழிற்சாலை ஒன்று இயங்கியது. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் நகரில் 1885ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தொழிற்சாலை அதனினும் பெரிதாக வளர்ந்தது. அங்குள்ள இரயில் நிலையத்திற்கு "சிங்கர்" என்ற பெயர் இன்றளவும் வழங்கி வருகிறது. தொழிற்சாலையோ 1980ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடுகளில் காணப்படும் சிங்கர் இயந்திரங்களுள் கிளைட்பேங்கில் செய்யப்பட்டவை மிகுதி.

இயந்திரத்தின் அடித்தளத்தில், வலப்பக்கத் தூணின் அருகே, ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருந்தால் துணியில் சிறிது மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தால் அது தெளிவாகும். அது இயந்திரத்தின் வகை எண் என்று பலரும் எண்ணுகின்றனர். அது வரிசை எண்ணேயாகும்; அதாவது, எத்தனையாவது இயந்திரம் என்பதற்கான கணக்கு. 1900ஆம் ஆண்டுக்கு முற்பட்டவற்றில் வெறும் இலக்கங்களே இருக்கும். அதற்குப் பின் வந்தவற்றில் இலக்கங்களுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்தோ இரண்டு எழுத்துகளோ இருக்கும். அவ்வெழுத்து "ஒய்" ஆனால் அது கிளைட்பேங்கில், 1920களிலோ 1930களின் முற்பகுதியிலோ செய்யப்பட்டது. "இ" என்ற எழுத்தும் அதையடுத்து வேறோர் எழுத்தும் இருப்பின், அதுவும் கிளைட்பேங்கைச் சேர்ந்ததே. ஆனால் 1930களின் நடுப்பகுதிக்குப் பிற்பட்டது. "ஜி" என்றால் எலிசபெத்போர்ட்டில் 1910க்கும் 1920களின் தொடக்கத்திற்கும் இடைப்பட்டது. எந்த எண் எந்த ஆண்டில் ஒதுக்கப்பட்டது என்ற பட்டியலைப் பழைய தையல் இயந்திரங்களைச் சேகரிப்போரின் அனைத்துலகச் சங்கம் தொகுத்து வைத்திருக்கிறது. கணினியில் தேடினால் அப்பட்டியலைக் காணலாம். எண்கள் தொகுதி தொகுதியாக முன்கூட்டியே ஒதுக்கப்பட்டவை என்பதால், இயந்திரம் கடையில் விற்கப்பட்ட ஆண்டு சற்றுப் பிற்பட்டதாக இருக்கக்கூடும்.

வகை எண் வேறு. பிற்காலத்து இயந்திரங்களில், தையல் நீளத்தை மாற்றும் நெம்புகோலின் அருகிலோ சிங்கர் முத்திரைத் தகட்டின் அடியிலோ "99 கே", "201 கே", "15 கே" என்றாற்போல ஒரு சிறு தகடு இருக்கும். "கே" என்பது கிளைட்பேங்கில் தொழிற்சாலை அமைந்திருந்த கில்போவி என்ற பகுதியைக் குறிக்கும். உறுப்புக் கேட்கச் செல்பவர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது இவ்வெண்ணையே. இத்தகடு இருந்தால் வேலை பாதி முடிந்துவிட்டது. ஆனால் பழைய இயந்திரங்கள் பலவற்றில் இது கிடையாது.

முத்திரைத் தகட்டைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். சில இயந்திரங்களின் முத்திரையில் நீல நிற விளிம்பும், அதில் 1851, 1951 என்ற இரண்டு ஆண்டுகளும் காணப்படும். "எங்கள் மிஷின் 1851ஆம் ஆண்டைச் சேர்ந்தது" என்று இதை வைத்துப் பெருமை பேசுவோர் உண்டு. நிறுவனத்தின் நூற்றாண்டு நிறைவையொட்டி 1951ஆம் ஆண்டளவில் வந்த இயந்திரங்களில் ஒட்டப்பட்ட நினைவு முத்திரை அது. அதனால் இயந்திரத்தின் விலை கூடிவிடுவதில்லை. இதைவிட வியப்பான கதை ஒன்று 2009ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவில் நடந்தது. பழைய சிங்கர் இயந்திரங்களுக்குள் "சிவப்புப் பாதரசம்" என்னும் அரும்பொருள் இருப்பதாக யாரோ கிளப்பிவிட்ட வதந்தியை நம்பி, மக்கள் பழைய இயந்திரங்களைப் பெருந்தொகை கொடுத்து வாங்கினர். அப்படி ஒரு பொருள் எந்தத் தையல் இயந்திரத்திலும் இல்லை. அத்தகைய பேச்சோடு வீட்டு வாசலுக்கு வருபவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நலம்.

பாபினைக் கொண்டு வகை அறிதல்

தகடு இல்லாவிடினும் கவலைப்படத் தேவையில்லை. இயந்திரத்தின் அடி நூல் எவ்வாறு வைக்கப்பட்டிருக்கிறது என்பதே அதன் உண்மையான அடையாளம். பொன்னிறப் பூவேலையும் பெயரும் ஏமாற்றக்கூடும். அடி நூல் அமைப்பு ஏமாற்றாது. ஊசிக்குக் கீழேயுள்ள நழுவு தகட்டைத் திறந்து, பின்வரும் அமைப்புகளுள் எது உள்ளது என்று பார்க்க வேண்டும்.

முன்னும் பின்னுமாக இரண்டு நீண்ட தகடுகள் இருந்து, முன் தகட்டை இழுத்தால் துப்பாக்கித் தோட்டாவைப் போன்ற ஷட்டில் ஒன்று தென்பட்டால், அது அசையும் ஷட்டில் வகை. 27, 28, 127, 128 என்பன இவ்வகையின் எண்கள். 27உம் 127உம் முழு அளவின. 28உம் 128உம் முக்கால் அளவின. கையால் சுற்றும் சிறு இயந்திரங்களில் பின்னவை மிகுதி. இந்த ஷட்டிலுக்குள் இருக்கும் பாபின் வட்டமாக இராது. ஒல்லியான தண்டின் இரு முனைகளிலும் சிறு வில்லைகள் வைத்தாற்போல நீளமாக இருக்கும். நாம் மேலே கூறிய அம்மையாரின் கையில் வட்டப் பாபின் பொருந்தாமற் போனதற்கு இத்தகைய இயந்திரமே காரணமாக இருந்திருக்கலாம். நீண்ட பாபினுக்குரிய சிங்கர் உறுப்பு எண் 8228. ஷட்டில், பாபின் இரண்டுமே இப்போதும் புதிதாகச் செய்யப்படுகின்றன. ஆனால் புதிய ஷட்டில்களுள் சில முனை கரடுமுரடாக வருகின்றன. அவை நூலை அறுக்கும். வாங்கும்போது நக நுனியால் தடவிப் பார்த்து, வழவழப்பானதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய ஷட்டில் நல்ல நிலையில் கிடைத்தால் புதியதைவிட அதுவே மேல் என்பது நம் கருத்து.

ஷட்டில் படகு வடிவில் இருந்து, இடமும் வலமுமாகக் குறுக்கே ஓடினால், அது 12ஆம் வகை. 1865ஆம் ஆண்டில் வெளிவந்த அமைப்பு அது. இந்த வகைக்கு ஊசியே தனி. அதைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

இடக்கோடியிலுள்ள தகட்டைத் திறந்தாலோ இயந்திரத்தைப் பின்புறம் சாய்த்துப் பார்த்தாலோ, உலோகக் கூட்டுக்குள் வட்டப் பாபின் சக்கரம்போல் செங்குத்தாக நிற்பது தெரிந்தால், அது 15ஆம் வகை. பாபினைக் கூட்டோடு வெளியே எடுத்துத்தான் நூல் மாற்ற முடியும். பழைய இயந்திரம் வைத்திருப்போருள் நற்பேறு மிக்கவர் இவ்வகைக்கு உரியவரே என்று நாம் கூறுவோம். காரணம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் இந்த 15ஆம் வகையையே அச்சாகப் பின்பற்றிப் பற்பல பெயர்களில் இயந்திரங்களைச் செய்து உலகெங்கும் விற்றன. சீனாவின் ஷாங்காய் நகரில் செய்யப்பட்டு நம் நாட்டில் வண்ணத்துப்பூச்சி முத்திரையோடு விற்பனையான கறுப்பு இயந்திரமும் இவ்வமைப்பைச் சேர்ந்ததே. ஆகவே பெயர் எதுவாயினும், பாபின், பாபின் கூடு, கொக்கி ஆகியவை ஒன்றுக்கொன்று பெரும்பாலும் பொருந்தும்; சிறு கடைகளிலும் கிடைக்கும். இதன் பாபினுக்குச் சிங்கர் எண் 2518. இரு பக்க வில்லைகளும் தட்டையாக இருக்கும்.

ஊசிக்கு அருகிலுள்ள தகட்டை நகர்த்தியதும் வட்டப் பாபின் மேலேயே படுத்திருக்கக் கண்டால், கூட்டை வெளியே எடுக்காமல் பாபினை மட்டும் தூக்க முடிந்தால், அது 66ஆம் வகையாகவோ, அதன் முக்கால் அளவுத் தம்பியாகிய 99ஆகவோ, அல்லது 201ஆகவோ இருக்கும். மூன்றிற்கும் பாபின் ஒன்றே. அதன் எண் 172336. இதனை 15ஆம் வகைப் பாபினோடு அருகருகே வைத்தால் முதற்பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகளைப்போல் தோன்றும். இரண்டின் குறுக்களவும் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும்: 66இன் வில்லைகள் வெளிப்புறமாகச் சற்றே உப்பியிருக்கும். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட்டால், தொடக்கத்தில் இயந்திரம் ஓடுவதுபோல் தெரியும். பிறகு அடி நூல் சிக்கும், தையல் விட்டு விட்டு விழும், சில வேளைகளில் பாபின் இறுகி நின்றுவிடும். இயந்திரமே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டப்படும் இடங்களுள் இதுவும் ஒன்று. பாபின் வாங்கும்போது பழைய பாபினையும் எடுத்துச் சென்று பக்கவாட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பதைக் காட்டிலும் எளிய வழி இல்லை.

201ஆம் வகையைத் தனியே அறியவேண்டின், கைச்சக்கரத்தைச் சுற்றியபடி கீழே கொக்கியைக் கவனிக்கலாம். 66இலும் 99இலும் கொக்கி முன்னும் பின்னுமாக அரைவட்டம் ஆடும். 201இல் ஒரே திசையில் முழுவட்டமாகச் சுழலும். 201இன் அடியில் உலோகப் பல்சக்கரங்கள் இருக்கும். நாம் பார்த்தவற்றுள் உழைப்புக்கு அஞ்சாத வீட்டு இயந்திரம் இதுவே. இதனை இரும்பு விலைக்கு விற்பவர் தம் கையிலிருக்கும் பொருளின் அருமையை அறியாதவர்.

ஊசி

பழுது பார்ப்பவரைத் தேடி ஓடுவதற்கு முன் ஊசியைச் சோதித்தல் வேண்டும். 15, 27, 28, 66, 99, 127, 128, 201 ஆகிய எல்லா வகைகளுக்கும் ஊசி ஒன்றே. அதன் பெயர் 15×1. இன்றைய கடைகளில் இதே ஊசியின் உறைமேல் 130/705 என்றோ "எச்.ஏ.×1" என்றோ அச்சிட்டிருக்கும், பெயர் மாறினும் பொருள் ஒன்றுதான். புதிய வீட்டு இயந்திரங்களுக்கும் இதே ஊசியைப் பயன்படுத்துவதால் எங்கும் கிடைக்கும். இதன் தலைப்பகுதியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும்.

உறைமேல் 90/14 என்பது போன்ற இரண்டு எண்களும் உண்டு. அவை பருமனைக் குறிப்பவை. 90 என்றால் ஊசித் தண்டின் பருமன் 0.90 மில்லிமீட்டர். 14 என்பது அதே பருமனுக்குச் சிங்கர் வழங்கிய எண். மெல்லிய பருத்திக்கு 75/11 அல்லது 80/12, சீருடைத் துணிக்கு 90/14, தடித்த காற்சட்டைத் துணிக்கு 100/16 ஏற்றவை.

ஊசியைப் பொருத்துவதில் நிகழும் பிழை மிகப் பரவலானது. தட்டைப் பக்கம் எல்லா இயந்திரங்களிலும் ஒரே திசையை நோக்கி இருக்கவேண்டும் என்று பலர் கருதுகின்றனர். சில வகைகளில் அது வலப்புறம் நோக்கும். சிலவற்றில் இடப்புறம் நோக்கும். ஆனால் எந்த இயந்திரத்திற்கும் பொருந்தும் விதி ஒன்றுண்டு. ஊசியின் ஒரு பக்கத்தில் தலையிலிருந்து கண் வரை நீண்ட பள்ளம் ஓடும். தட்டைப் பக்கம் அதற்கு எதிரே இருக்கும். நூல் பள்ளத்தின் வழியே இறங்கி, பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து கண்ணுக்குள் நுழையவேண்டும்; தட்டைப் பக்கம் கொக்கியை அல்லது ஷட்டிலை நோக்கி இருக்கவேண்டும். இவ்விதியைப் பின்பற்றியதும் நின்றுபோன தையல் மீண்டும் விழத் தொடங்கிய இயந்திரங்கள் ஏராளம்.

மேலே கூறிய 12ஆம் வகைக்கு 15×1 ஊசி பொருந்தாது. அதற்குரிய 12×1 ஊசி அரிதாகிவிட்டது. பழைய இயந்திரம் ஒன்றை விலைக்கு வாங்க எண்ணுபவர், அது படகு ஷட்டில் உள்ளதானால், ஊசி எத்தனை உடன் தருவீர்கள் என்று கேட்டுவிட்டே பணத்தை எடுக்கவேண்டும். தையற்கடைகளில் உள்ள 31 கே போன்ற கனமான தொழில் இயந்திரங்களுக்கும் ஊசி வேறு. அவற்றின் ஊசித் தலை முழு உருளையாக, சற்று ஒல்லியாக இருக்கும். வீட்டு ஊசி அதனுள் நுழையாது. தொழில் ஊசியோ வீட்டு இயந்திரத்தில் நுழைந்துவிடும். ஆனால் நடுவில் நிற்காது, தகட்டில் மோதி முறியும். முறிந்த துண்டு கண்ணை நோக்கித் தெறிக்கக்கூடும் என்பதால், கைக்குக் கிடைத்த ஊசியைப் பொருத்திப் பார்க்கும் பழக்கத்தை அறவே விடவேண்டும்.

ஆணி, வார், வளையம், பாதம்

ஆணிகளைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். சிங்கர் நிறுவனம் தன் திருகாணிகளுக்குத் தனக்கென்று ஓர் அளவுமுறையை வைத்திருந்தது. இரும்புக் கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் ஆணியோ அங்குல ஆணியோ பார்வைக்கு ஒத்திருக்கலாம். இரண்டு சுற்று உள்ளே போகவும் போகலாம். அதற்குமேல் வலிந்து முறுக்கினால் வார்ப்பிரும்பில் உள்ள மரை அழிந்துவிடும். ஓர் ஆணியைத் தேடிப் பிடிக்கலாம். அழிந்த மரையை மீட்பது கடினம். ஆதலால் ஆணி தொலைந்தால், அதே வகையைச் சேர்ந்த பழுதான இயந்திரத்திலிருந்து எடுப்பதே முறை. கழற்றிய ஆணியை உடனுக்குடன் அதன் துளையிலேயே இரண்டு சுற்று திருகி வைத்துவிட்டால் தொலையவும் செய்யாது, இடம் மாறவும் செய்யாது.

மிதி இயந்திரத்தின் தோல் வார் 3/16 அங்குலப் பருமனுள்ள உருண்டை வார். ஏறக்குறைய 72 அங்குல நீளத்தில் கொக்கியோடு விற்கப்படும். அளவு பார்த்து வெட்டிக்கொள்ளலாம். தேவைக்கு மேல் இறுக்கினால் மிதிப்பது கனமாகும், அச்சும் தேயும்.

பாபினில் நூல் சுற்றும் சிறு சக்கரத்தில் ஓர் இரப்பர் வளையம் உண்டு. அது காலப்போக்கில் இறுகி வெடித்துவிடும். "நூல் சுற்றும் கருவி கெட்டுவிட்டது" என்று கூறப்படுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். இரப்பர் விளைந்த மண்ணில் வாழ்ந்த நாம் இதற்காக அயல்நாட்டுக்கு எழுத வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாய்ச் சாமான்கள் விற்கும் கடையில் கிடைக்கும் "ஓ" வளையங்களுள் இறுக்கமாக அமரும் ஒன்று போதும்.

துணியை அழுத்தும் பாதத்தைப் பொறுத்தவரை, மேலே கூறிய வீட்டு இயந்திரங்கள் குட்டைத் தண்டு உடையவை. பாதத்தை இறக்கிவிட்டு, ஊசித் தகட்டிலிருந்து பக்கத்து ஆணியின் நடுப்பகுதி வரை அளந்தால் ஒன்றரை விரற்கடைக்குள், ஏறத்தாழ அரை முதல் முக்கால் அங்குலம் வரை இருக்கும். குட்டைத் தண்டுக்குரிய பாதங்களே இன்றைய கடைகளில் மிகுதி. ஆகவே சுருக்கு வைக்கும் பாதம், பல்லிணைப்பு வைக்கும் பாதம் முதலியவற்றைப் பழைய இயந்திரத்திற்கும் வாங்கிப் பயன்படுத்தலாம்.

உறுப்பே வேண்டாத பழுதுகள்

இறுகிப்போன இயந்திரத்தைப் பார்த்ததும் "உள்ளே ஏதோ உடைந்துவிட்டது" என்று முடிவு செய்வது அவசரம். தேங்காயெண்ணெயும் சமையல் எண்ணெயும் விட்ட இயந்திரங்கள் நம் வீடுகளில் மிகுதி. அவை நாளடைவில் பிசின்போல் இறுகி, அச்சுகளைப் பற்றிக்கொள்ளும். ஒவ்வோர் எண்ணெய்த் துளையிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்து, கைச்சக்கரத்தை வலியாமல் முன்னும் பின்னும் அசைக்கவேண்டும். ஒரு நாளில் இளகாவிடில் ஒரு வாரம் தொடரலாம். இளகியதும் பழைய பிசினைத் துடைத்தெடுத்து, தையல் இயந்திர எண்ணெய் மட்டுமே விடவேண்டும். மண்ணெண்ணெய் உயவுப்பொருள் அன்று. அதை மட்டும் விட்டு ஓட்டினால் அச்சு தேயும். வேலை செய்யும்போது சன்னலைத் திறந்து வைப்பதும் அடுப்பை அணைத்து வைப்பதும் இன்றியமையாதவை. பொன்னிறப் பூவேலையின்மேல் ஸ்பிரிட் படலாகாது. மேற்பூச்சாகிய அரக்கு மெருகு அதில் கரைந்துவிடும்.

பழுது பார்த்தபின் தோன்றும் வேடிக்கையான குறை ஒன்றுண்டு. கைச்சக்கரத்தின் நடுக்குமிழைத் தளர்த்தினால், பாபின் சுற்றுவதற்காக ஊசி அசையாமல் நிற்கவேண்டும். கழற்றி மாட்டியபின் ஊசி நிற்க மறுத்தால், உள்ளேயுள்ள மூன்று காது கொண்ட வளையத்தைத் திசைமாற்றிப் போட்டுவிட்டார்கள் என்பது பொருள். அதனை எடுத்து அரைவட்டம் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். இதற்குப் புதிய சக்கரம் வாங்கச் சொல்பவரின் சொல்லைக் கேட்க வேண்டியதில்லை.

எங்கே தேடுவது

வகை தெரிந்தபின் தேடுவது எளிது. அடிப்படையான சாமான்களாகிய ஊசி, பாபின், பாபின் கூடு, வார் ஆகியவை நகரங்களில் தையல் இயந்திரம் விற்கும் கடைகளில் கிடைக்கும். கடைக்குச் செல்லும்போது மூன்று செய்திகளைத் தாளில் எழுதிச் செல்லவேண்டும்: வரிசை எண், வகை எண், உறுப்பின் மேல் ஏதேனும் பொறிக்கப்பட்டிருந்தால் அந்த எண். சிங்கர் நிறுவனத்தின் அசல் உறுப்புகள் பலவற்றில் "சிமாங்கோ" என்ற சொல்லும் ஓர் எண்ணும் நுண்ணிய எழுத்தில் இருக்கும். சிங்கர் உற்பத்தி நிறுவனம் என்னும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. அவ்வெண்ணைச் சொன்னால், தொலைவிலுள்ள கடைக்காரரும் ஐயமின்றிப் புரிந்துகொள்வார். கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்புவோர், உறுப்பின் அருகில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்தல் நலம். அளவு தெரியாத படத்தால் பயனில்லை.

கடையில் கிடைக்காத உட்புற உறுப்புகளுக்கு, பழுது பார்க்கும் பெரியவர்களை நாடவேண்டும். நெடுநாள் இத்தொழிலில் இருப்பவர்களின் பட்டறைகளில், கழித்துக் கட்டிய இயந்திரங்களும் பால்டின்களில் ஆணிகளும் இருக்கும். பட்டியலில் இல்லாத உறுப்பு அந்த டின்களில் இருப்பதுண்டு. அதே வகையைச் சேர்ந்த ஓட்டை இயந்திரம் ஒன்றை விலைக்கு வாங்கி உறுப்புக் களஞ்சியமாக வைத்துக்கொள்வது இன்னும் சிறந்த வழி. உறுப்பை ஒவ்வொன்றாகத் தனித்தனியே வாங்கும் செலவில் பாதி கூட ஆகாமற் போகலாம். வகை ஒன்றாக இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. 66க்குப் பக்கத்தில் 15ஐ வாங்கி வைப்பதால் பயனில்லை.

எளிய உருளை அச்சு, புதைவளையம் போன்றவற்றைக் கடைசல் பட்டறையில் செய்வித்துக்கொள்ளலாம். கொக்கியையும் பாபின் கூட்டையும் அவ்வாறு செய்விக்க முயல்வது வீண் செலவு. மயிரிழை வேறுபாட்டிலும் அவை தையலைத் தவறவிடும்.

மின்விசை பொருத்திய பழைய இயந்திரம் வாங்குவோர் இரண்டைக் கவனிக்கவேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்தவற்றின் மோட்டார் 110 வோல்ட்டுக்குரியது. நம் வீட்டு மின்சாரத்தில் நேரே இணைத்தால் எரிந்துவிடும். எந்த நாட்டதாயினும், பழைய கம்பிகளின் இரப்பர் உறை தொட்டால் உதிரும் நிலையில் இருந்தால், தகுதிபெற்ற மின்பணியாளர் மாற்றித் தரும்வரை இணைக்கலாகாது. அதுவரை மோட்டாரின் வாரைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தைக் கொண்டே இயந்திரத்தைச் சோதிக்கலாம்.

புதிய பாபின் கூடு வாங்கியதும் கடையிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்று: நூல் சுற்றிய பாபினைக் கூட்டுக்குள் வைத்து, நூல் முனையைப் பிடித்துத் தொங்கவிடவேண்டும். கூடு அசையாமல் தொங்கவேண்டும். கையைச் சற்றே உதறினால் ஓரிரண்டு அங்குலம் இறங்கி மீண்டும் நிற்கவேண்டும். தானாகவே தரைவரை ஓடினால் தளர்வு. உதறியும் இறங்காவிட்டால் இறுக்கம். கூட்டின் பக்கத்திலுள்ள சிறு ஆணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிச் சரிசெய்யலாம். பழைய கூட்டைத் தூக்கி எறியாமல், இயந்திரத்தின் இழுப்பறையில் வரிசை எண்ணும் வகை எண்ணும் எழுதிய தாளோடு சேர்த்து வைத்தால், அடுத்த முறை கடைக்குச் செல்பவர் வீட்டில் யாராயினும் அவருக்கு உதவும்.